ஓட்டைக்குப் பத்தாயிரம்

பிளேஸ்டேஷன் 5 இரண்டு விதமாக வருகிறது. ஒன்றில் டிஸ்க் போடும் இடம் உண்டு. மற்றதில் கிடையாது. 2021 பிப்ரவரி 2 அன்று இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது டிஸ்க் உள்ளது 49,990 ரூபாய், இல்லாதது 39,990. 2022 நவம்பரில் இரண்டும் ஐயாயிரம் ஏறின. 2024 ஏப்ரல் 5 அன்று உடம்பு இளைத்து ‘ஸ்லிம்’ வந்தபோதும் அதே 54,990, அதே 44,990. விலை ஏறியது, உருவம் சுருங்கியது. நடுவில் இருந்த பத்தாயிரம் மட்டும் அசையவே இல்லை.

நான் வாங்கியது ஸ்லிம் வந்த அந்த மாதத்தில். மூன்று வருடம் சேர்த்த பணம். எனக்கு எதை வாங்குவது என்று குழப்பம். என் தம்பிக்குக் குழப்பமே இல்லை. அவன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான், நான் சென்னையில். இருவரும் ஒரே மாதத்தில் ஆளுக்கொன்று வாங்குவதாக ஏற்பாடு. இந்தப் பேச்சு பாளையங்கோட்டையில் இருக்கும் அம்மா வரைக்கும் போனது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மா சொன்னாள்: “ஏட்டி, ரெண்டும் ஒரே டப்பாதான? ஒண்ணுல ஓட்டை இருக்கு, இன்னொண்ணுல இல்ல. ஓட்டைக்குப் பத்தாயிரமா?”

இதைவிடச் சரியாக அந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. யூடியூபில் ஒப்பீட்டு வீடியோ போடுகிறவர்கள் இருபது நிமிடம் எடுத்துக்கொள்வதை அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

பொதுவாக விலை குறைந்த கன்சோலில் சக்தியும் குறைவாக இருக்கும். 2020 நவம்பரில் வந்த எக்ஸ்பாக்ஸ் ஜோடி அப்படித்தான். சீரிஸ் எக்ஸ் 49,990, சீரிஸ் எஸ் 34,990. எஸ்-இல் டிஸ்க் கிடையாது என்பதோடு கிராபிக்ஸ் கணக்கு வேகமும் எக்ஸ்-இன் மூன்றில் ஒரு பங்குதான், சேமிப்பிடமும் பாதிதான். எதை விட்டுக்கொடுத்ததால் எவ்வளவு மிச்சம் என்று பிரித்துப் பார்க்க முடியாது. பிஎஸ்5 அப்படியில்லை. இரண்டிலும் அதே சிப், அதே நினைவகம், ஸ்லிம் வந்தபோது அதே 1 டிபி சேமிப்பு. டிவியில் தெரியும் படத்தில் ஒரு புள்ளிகூட மாறாது. அப்போது வித்தியாசம் டிரைவ் மட்டும்தான். அதனால்தான் கேள்வி இவ்வளவு பளிச்சென்று இருக்கிறது. டிஸ்க் உங்களுக்கு என்ன செய்கிறது? அதற்குப் பத்தாயிரம் தரலாமா?

டிஸ்க் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பழைய கன்சோல்களில் ஆட்டம் ஓடுகிறவரை டிஸ்க் சுற்றிக்கொண்டே இருக்கும், கருவி அதைப் படித்துக்கொண்டே இருக்கும். இப்போது அப்படியில்லை. பிஎஸ்4-இலிருந்தே டிஸ்க்கில் இருப்பதெல்லாம் முதலில் உள்ளே பிரதியாகிவிடும். ஆட்டம் ஓடுவது அந்தப் பிரதியிலிருந்து. பிஎஸ்5-இன் எஸ்எஸ்டி வேகத்துக்கு எந்த டிஸ்க்கும் பக்கத்தில்கூட வர முடியாது. பிறகு ஏன் விளையாடும்போதெல்லாம் டிஸ்க்கை உள்ளே வைக்கச் சொல்கிறது? அது சாவி. இந்த ஆட்டம் இந்த நேரத்தில் இந்த வீட்டில்தான் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி.

ஆகவே டிஸ்க்குக்கு இரண்டு வேலை. ஒன்று, சுமைகூலி வேலை. பிஎஸ்4 டிஸ்க்கில் 50 ஜிபி, பிஎஸ்5 டிஸ்க்கில் 100 ஜிபி வரை சுமக்கலாம். இரண்டு, சாவி வேலை. ஓட்டை இல்லாத பெட்டியில் சுமைகூலி வேலையை உங்கள் வீட்டு இணையம் பார்க்கிறது, சாவி வேலையை உங்கள் பெயரில் இருக்கும் கணக்கு பார்க்கிறது. இந்த இரண்டையும் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

*

எனக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று தம்பி கேட்டான். அவனுக்குத் தெரிந்த கதைதான், ஆனால் அவன் அதை வேறு பக்கத்திலிருந்து பார்த்தவன்.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது வீட்டில் ஒரு ‘டிவி கேம்’ இருந்தது. எல்லார் வீட்டிலும் இருந்த அதே வகை. கேசட்டைச் சொருகி, படம் வராவிட்டால் எடுத்து ஊதி, மறுபடி சொருக வேண்டும். தெருவில் ஏழெட்டு வீட்டில் அந்தப் பெட்டி இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு மூன்று கேசட். ஆனால் எல்லாருமே இருபது ஆட்டம் விளையாடியிருப்போம். எப்படியென்று சொல்லத் தேவையில்லை. கேசட் டவுசர் பையில் போகும், டவுசர் பையில் வரும்.

பிறகு பிஎஸ்2 காலம். அதை வீட்டில் வாங்குகிற அளவுக்கு எங்கள் தெருவில் யாருக்கும் வசதியில்லை. மார்க்கெட் பக்கம் ஒரு கேம் கடை இருந்தது. மணிக்கு இருபது ரூபாய். பையன்கள் 8 எம்பி மெமரி கார்டை ஆளுக்கொன்று வாங்கிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போவார்கள். கடையில் எந்தப் பெட்டி காலியாக இருந்தாலும் கார்டைச் சொருகி விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தம்பி தினமும் போவான். நான் போனதில்லை. ‘போகக் கூடாது’ என்று யாரும் வாயால் சொல்லவில்லை. அந்தக் கடை வாசலில் ஒரு பெண்பிள்ளை செருப்பு கிடந்து யாரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

எனக்கு ஆட்டம் வந்தது கைமாறித்தான். தம்பியின் நண்பன் ஒருவனுக்குத் துபாய் மாமா பிஎஸ்2 வாங்கி அனுப்பியபோது, கோடை விடுமுறையில் அவன் ஊருக்குப் போன பத்து நாள் அந்தப் பெட்டியே எங்கள் வீட்டுக்கு வந்தது. மேலே மூடி திறக்கிற மெலிந்த பிஎஸ்2, ஒரு துணிக்கடைப் பையில், எட்டு டிஸ்க்கோடு. கடைக்குப் போக முடிந்தவனுக்கு அது இன்னொரு பெட்டி. எனக்கு அதுதான் வாசல். அந்தப் பத்து நாளில்தான் ஒரு ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை முதல்முறையாக முடித்தேன்.

இதை ஏக்கமாகச் சொல்லவில்லை. அந்த டிஸ்க்குகளில் பாதி சந்தையில் எரித்த நகல்கள், பாதி கீறல் விழுந்தவை. சொல்ல வருவது வேறு. விளையாட்டு எப்போதும் அதை வாங்க முடிந்தவர்களோடு நின்றுவிடவில்லை. வாங்கியவர் கையிலிருந்து கிளம்பி, வாங்க முடியாதவர்களுக்கும், கடைக்குள் போக முடியாதவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. அப்படிச் சேர்ந்த ஆளில் நான் ஒருத்தி.

*

ஓட்டை இல்லாத பெட்டியை விற்கும் யோசனை 2020-இல் பிறந்ததில்லை. சோனி 2009 அக்டோபரிலேயே பிஎஸ்பி கோ என்று ஒன்றை விற்றுப் பார்த்தது. கையடக்கக் கருவி. முந்தைய பிஎஸ்பியில் இருந்த யுஎம்டி என்ற குட்டி டிஸ்க்கை அதில் போட முடியாது. எல்லாம் தரவிறக்கம்தான். வேடிக்கை என்னவென்றால் அமெரிக்காவில் டிஸ்க் போடும் பிஎஸ்பி 170 டாலருக்குக் கிடைத்தபோது போட முடியாத இதன் விலை 250 டாலர். ஓட்டையை அடைத்ததற்குக் கூடுதல் காசு. ஏற்கெனவே டிஸ்க்காக வாங்கி வைத்திருந்தவர்களுக்கு அவற்றை இதில் விளையாட வழியில்லை. 2011-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்தது 2013. அந்த மே மாதம் எக்ஸ்பாக்ஸ் ஒன் அறிவிக்கப்பட்டது. டிஸ்க் இருக்கும், ஆனால் அது உங்கள் கணக்கோடு கட்டப்படும், பழைய டிஸ்க்கை விற்பதற்கும் கொடுப்பதற்கும் நிபந்தனைகள் உண்டு, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெட்டி இணையத்தில் தலைகாட்ட வேண்டும் என்று திட்டம். ஜூன் மாதம் சோனி பிஎஸ்4-க்கு அப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்று மேடையில் அறிவித்தது. கூடவே 22 விநாடி வீடியோ ஒன்றையும் வெளியிட்டது. பிஎஸ்4-இல் ஆட்டத்தை எப்படிப் பகிர்வது என்று காட்டுகிற செய்முறை விளக்கம். சோனியின் ஷூஹெய் யோஷிடா டிஸ்க் பெட்டியைப் பக்கத்தில் நிற்கும் ஆடம் பாய்ஸிடம் நீட்டுகிறார். அவர் வாங்கிக்கொள்கிறார். முடிந்தது. சில நாட்களில், ஜூன் 19 அன்று, மைக்ரோசாஃப்ட் தன் திட்டத்தைக் கைவிட்டது.

அந்த வீடியோவை நான் கல்லூரி விடுதியில் பார்த்துச் சிரித்தேன். எங்கள் தெருவில் அதற்குச் செய்முறை விளக்கம் தேவைப்பட்டதில்லை. ஏழு வருடம் கழித்து அதே சோனி, அந்தக் கைமாற்றம் நடக்கவே முடியாத பெட்டியை நூறு டாலர் குறைவாகக் கடையில் வைத்தது. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பக்கத்திலேயே ஓட்டையுள்ளதையும் வைத்தது. நீங்களே தேர்ந்தெடுங்கள் என்றது. 2013-இல் கட்டளையாக வந்ததால் எல்லாரும் எதிர்த்தார்கள். 2020-இல் தள்ளுபடியாக வந்ததால் பேசாமல் வாங்கிக்கொண்டோம்.

*

தம்பியின் வாதத்தை அவன் வாயாலேயே சொல்வதுதான் நியாயம்.

“ஏக்கா, டிஸ்க் வாங்கினா ஒரு நேரத்துல ஒரு ஆளுதான் விளையாட முடியும். நீ முடிச்சுட்டு கூரியர்ல போடுவ, எனக்கு வர மூணு நாள். டிஜிட்டல்னா நீ ஒரு தடவ வாங்கு. உன் அக்கவுன்ட்ட என் பெட்டியில போட்டு ஷேரிங் ஆன் பண்ணிருவோம். அதே ஆட்டத்த அதே ராத்திரி ரெண்டு பேரும் விளையாடலாம். ஒரு காசு, ரெண்டு வீடு.”

அவன் சொன்னது உண்மை. பிஎஸ்5-இல் ஒரு கணக்குக்கு ஒரு பெட்டியில் அந்தப் பகிர்வு வசதியை இயக்கலாம். அந்தப் பெட்டியில் யார் உட்கார்ந்தாலும் அந்தக் கணக்கில் வாங்கிய ஆட்டங்களை விளையாடலாம். கணக்குக்குச் சொந்தக்காரர் தன் வீட்டுப் பெட்டியில் உள்நுழைந்து தானும் விளையாடலாம். டிஸ்க்கால் இது முடியாது.

“சரி, காசு?” என்றேன்.

“நீ பழைய டிஸ்க் விக்கிற கணக்குச் சொல்லுவ. ஆன்லைன் கடையில வருசத்துக்கு எத்தன தடவ பாதி விலை போடுறான்னு பாத்தியா? சந்தா கட்டினா இன்னும் நூத்துக்கணக்குல ஆட்டம்.”

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். புது பிஎஸ்5 ஆட்டங்கள் பல 4,999 ரூபாய். டிஸ்க்கை வாங்கி, முடித்து, விற்றால் நல்ல பங்கு திரும்பக் கிடைக்கும். வருடத்துக்கு நாலு டிஸ்க், ஒன்றுக்கு ஆயிரம் மிச்சம் என்று வைத்தாலும் பத்தாயிரத்தை எடுக்க இரண்டரை வருடம். தள்ளுபடிக்காகக் காத்திருக்கிற பொறுமைசாலி என்றால் அந்த மிச்சமும் கரையும். ஆனால் ஓட்டை இல்லாத பெட்டிக்கு ஒரே கடைதான். அந்தக் கடை சொன்ன விலைதான் விலை. டிஸ்க்குக்கு ரிச்சி தெரு உண்டு, பழையது வாங்கி விற்கிற கடை உண்டு, வேலையை விட்டு வெளிநாடு போகிற நண்பனின் அலமாரி உண்டு. மொத்தத்தில் காசுக் கணக்கில் கிட்டத்தட்டச் சமம். அவரவர் பழக்கத்தைப் பொறுத்து இப்படியோ அப்படியோ சாயும். காசை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது என்பதுதான் நான் கண்ட விடை.

“அப்ப சின்னவனுக்கு?” என்றேன்.

*

சின்னவன் எங்கள் சித்தி பையன். சங்கரன்கோவிலில் இருக்கிறார்கள். சித்தப்பாவுக்கு விசைத்தறியில் வேலை. சின்னவன் அப்போது ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தான். அந்த வருடம்தான் பள்ளிக்கூடம் மாறியிருந்தான். பழைய பள்ளி நண்பர்கள் விட்டுப்போய், புதிய இடத்தில் யாரும் சேராமல், சாயங்காலம் ஆனால் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறான் என்று சித்தி ஒவ்வொரு போனிலும் சொல்வாள். நான் பிஎஸ்5 வாங்கினால் என் பழைய பிஎஸ்4 அவனுக்கு என்று ஏற்கெனவே பேசி வைத்தது. என்னிடம் பிஎஸ்4 டிஸ்க் பத்தொன்பது இருந்தன.

தம்பி இதற்கும் தயாராக இருந்தான். “நீ ஓட்டை இல்லாதத வாங்கினா உனக்கு அந்த டிஸ்க் எதுவும் வேலைக்கு ஆகாது. பத்தொம்பதையும் அவனுக்கே குடுத்துரு. சோலி முடிஞ்சது.”

“ஏல, இப்ப இருக்கிறத குடுத்துரலாம். அடுத்து வாங்குறத?”

“உன் அக்கவுன்ட்லயே அவன் பெட்டிய ப்ரைமரி பிஎஸ்4 ஆக்கிரலாம்க்கா. பிஎஸ்5-க்கு ஒண்ணு, பிஎஸ்4-க்கு ஒண்ணு, தனித்தனியா விடுறான். நீ பிஎஸ்4-லயும் ஓடுற ஆட்டமா வாங்கினா மூணு வீட்லயும் ஓடும்.”

இதுவும் உண்மை. சாவி வேலையைப் பொறுத்தவரை தம்பி ஜெயித்துவிட்டான். மீதி இருந்தது சுமைகூலி வேலை.

சித்தி வீட்டில் இணையம் என்றால் சித்தப்பாவின் 4ஜி போன். நாளைக்கு 1.5 ஜிபி. ஊரில் பிராட்பேண்ட் கிடைக்கிறது. மாதாமாதம் அதற்குக் கட்டும் பணம் அந்த வீட்டுக் கணக்கில் இல்லை. பெரிய ஆட்டம் ஒன்று 90 ஜிபி என்று வையுங்கள். சித்தப்பா ஒரு வாட்ஸ்அப் வீடியோகூடப் பார்க்காமல் போனை மகனிடம் கொடுத்துவிட்டால், 60 நாளில் இறங்கும். இரண்டு மாதம், ஒரு ஆட்டத்துக்கு. அதே ஆட்டம் டிஸ்க்காக இருந்தால் வெள்ளிக்கிழமை ராத்திரி ஆம்னி பஸ்ஸில் பார்சல் போட்டால் சனிக்கிழமை காலை ஊரில் இருக்கும். பெரும்பாலான தனிஆள் ஆட்டங்கள் டிஸ்க்கில் இருக்கிறபடியே இணையம் இல்லாமல் ஓடிவிடும். எண்ணூறு கிலோமீட்டருக்குள் உள்ள ஊருக்கு ஒரு ராத்திரியில் 50 ஜிபி. இந்த நாட்டில் இன்றைக்கும் பல வீடுகளுக்கு மிக வேகமான இணைப்பு பஸ்தான்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நான் பெருநாள் லீவுக்குப் போகையில ஹார்ட் டிஸ்க்ல காப்பி பண்ணிட்டுப் போயிருவேன்” என்றான். அவன் குரலிலேயே அது வருடத்துக்கு இரண்டு தடவை நடக்கிற காரியம் என்பது தெரிந்தது.

அப்போதுதான் எனக்கு ஒன்று தெளிவானது. ஓட்டை இல்லாத பெட்டிக்குள் ஒரு வீட்டின் படம் இருக்கிறது. கேபிள் வந்த வீடு, கார்டு உள்ள வீடு, கணக்குத் திறக்கும் வயது வந்தவர்கள் உள்ள வீடு. அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு அது நல்ல பெட்டி, பத்தாயிரம் மிச்சம். அந்தப் படத்துக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு அதிலிருந்து எதுவும் கசிந்து போகாது.

*

டிஸ்க்குக்காக இவ்வளவு பேசினாலும் டிஸ்க்கைக் கும்பிட எனக்கு மனமில்லை. ஸ்லிம் இந்தியாவுக்கு வருவதற்கு ஐந்து நாள் முன்பு, 2024 மார்ச் 31 அன்று, ‘தி க்ரூ’ என்ற கார் ஓட்டும் ஆட்டத்தின் சர்வர்களை யுபிசாஃப்ட் அணைத்தது. 2014-இல் வந்த ஆட்டம். தனியாக விளையாடினாலும் சர்வரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுபோல் கட்டப்பட்டது. அதனால் அந்த இரவோடு கணக்கில் வாங்கியவர்களுக்கும் போச்சு, அலமாரியில் டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் போச்சு. சாவி கையில் இருந்து என்ன, வீடே இல்லை. அதைத் தொடர்ந்துதான் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் ‘ஆட்டங்களைக் கொல்வதை நிறுத்துங்கள்’ என்று ஓர் இயக்கம் தொடங்கினார்.

அதே வருடம் செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் கையெழுத்தானது. கணக்கில் தரவிறக்கும் பொருளை விற்கும்போது ‘வாங்கு’ என்று பொத்தான் வைப்பதானால், நீங்கள் பெறுவது உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது அது. சட்டம் எதையும் மாற்றவில்லை. சொல்லை மட்டும் சரிசெய்யச் சொன்னது.

2025 ஜூன் 5 அன்று வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2 இன்னொரு கலப்பைக் கொண்டுவந்தது. சில ஆட்டங்களுக்குக் கடையில் கிடைக்கும் கார்டுக்குள் ஆட்டமே இருக்காது. சொருகினால் தரவிறக்கம் தொடங்கும். பிறகு விளையாடும்போதெல்லாம் கார்டு உள்ளே இருக்க வேண்டும். மேலே சொன்ன இரண்டு வேலைகளில் சாவியை மட்டும் வைத்துக்கொண்டு சுமைகூலியை அனுப்பிவிட்டார்கள். அந்தக் கார்டை நண்பனுக்குக் கொடுக்கலாம், விற்கலாம். சங்கரன்கோவிலுக்கு மட்டும் அனுப்ப முடியாது. அதாவது அனுப்பலாம், போய்ச் சேர்ந்த பிறகு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் இனிமேல் போதாது. ஓட்டை வழியாக என்ன உள்ளே போகிறது என்றும் பார்க்க வேண்டும்.

ஆனால் இவற்றையெல்லாம் கழித்த பிறகும் மிஞ்சுகிற ஒரு வித்தியாசம் உண்டு. என் கணக்கில் தம்பி விளையாடும்போது அவன் என் வீட்டு விருந்தாளி. கதவு என் பெயரில் இருக்கிறது. நான் கடவுச்சொல்லை மாற்றினாலோ, என் கணக்குக்கு ஏதாவது ஆனாலோ அவன் வெளியே. அவன் தன் நண்பன் யாரையும் அழைத்து வர முடியாது, அவனுக்குப் பின்னால் அந்த வரிசை நீளாது. நான் ஒருவருக்கு இடம் கொடுக்கிறேன், அவ்வளவுதான். டிஸ்க்கைக் கொடுக்கும்போது எனக்கு அது இல்லாமல் போகிறது. அந்த இழப்பு சின்னதுதான், ஆனால் அது இருந்தால்தான் எதிரே இருப்பவருக்கு அது முழுசாகப் போய்ச் சேர்கிறது. கையை விட்டுப் போக முடியாத ஒன்றை என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

*

கடைசியில் தம்பி ஓட்டை இல்லாததை வாங்கினான், நான் ஓட்டையுள்ளதை. அவன் முடிவு அவனுக்குச் சரி. அவன் இரண்டு வருடத்துக்கு ஒரு வாடகை வீடு மாறுகிறவன், அவனிடம் பழைய டிஸ்க் ஒன்றும் கிடையாது, அலுவலகத்தில் நண்பர்கள் எல்லாரும் ஆன்லைனில் பந்து விளையாடுகிறவர்கள். தவிர ஸ்லிம்மில் டிரைவைக் கழற்றி மாட்டலாம். ஓட்டை இல்லாததை வாங்கியவர்கள் பின்னால் மனம் மாறினால் டிரைவைத் தனியாக வாங்கிச் சேர்க்கவும் வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் முதல்முறை மாட்டும்போது பெட்டி இணையத்தில் ஒரு சம்மதம் வாங்கும். ஓட்டைக்கும் அனுமதி தேவைப்படுகிற காலம் இது.

உங்களுக்கு எது சரி என்று கேட்டால் நான் மூன்று கேள்விகள் கேட்பேன். வீட்டில் பிஎஸ்4 டிஸ்க் இருக்கிறதா? இருந்தால் யோசிக்கவே வேண்டாம், டிஸ்க் உள்ளதில் அவை அப்படியே ஓடும். சில ஆட்டங்களுக்கு, உதாரணமாக ‘ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்’, பிஎஸ்4 டிஸ்க்கைப் போட்டாலே பிஎஸ்5 வடிவம் காசில்லாமல் கிடைத்தது. கடையில் 3,999-க்குக் கிடைத்த அதே டிஸ்க் இரண்டு தலைமுறைப் பெட்டியிலும் ஓடியது. இரண்டாவது, ஒரு ஆட்டத்தை முடித்த பிறகு என்ன செய்வீர்கள்? அலமாரியில் வைப்பீர்களா, விற்பீர்களா, மறந்துவிடுவீர்களா? மறந்துவிடுகிறவர் என்றால் பத்தாயிரத்தை மிச்சம் பிடியுங்கள். மூன்றாவது கேள்வியை எந்த ஒப்பீட்டு வீடியோவிலும் கேட்க மாட்டார்கள். உங்களுக்கு அடுத்து யார் இருக்கிறார்கள்? யாரோ ஒருவர் இருந்தால் அவர் வீட்டு இணையத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்டியை வாங்குகிறவர் நீங்கள்தான், ஆனால் அதன் சுற்றளவு உங்கள் வீட்டுச் சுவரோடு முடிய வேண்டுமா என்பதையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள்.

எனக்குத் தெரியும், பிஎஸ்4-க்கு வரும் புது டிஸ்க்குகள் வருடத்துக்கு வருடம் குறைகின்றன. 2024 நவம்பரில் வந்த பிஎஸ்5 ப்ரோவில் டிரைவே கிடையாது, தனியாக வாங்க வேண்டும். நான் சொல்லும் வழி நாளைக்கு மூடிவிடலாம். அதுவரை திறந்திருக்கிறது.

மே மாதம் பிஎஸ்4-ஐயும் ஏழு டிஸ்க்கையும் பஸ்ஸில் போட்டேன். மீதி பன்னிரண்டை ஒவ்வொன்றாக, நான் மறுபடி விளையாடி முடிக்க முடிக்க அனுப்புவதாக ஏற்பாடு. தம்பியும் நானும் அவன் சொன்னபடி கணக்கைப் பகிர்ந்துகொண்டோம். நான் டிஜிட்டலில் வாங்குகிற ஒன்றிரண்டு அவன் வீட்டிலும் ஓடுகிறது. அந்த வசதியை ஏன் விட வேண்டும்?

அரையாண்டுப் பரீட்சை முடிந்த கையோடு சின்னவன் போன் செய்தான். குரலில் ஒரு தயக்கம்.

“அக்கா, அந்த ஹொரைசன் டிஸ்க் இப்ப என்ட்ட இல்லக்கா.”

“உடஞ்சிருச்சால?”

“இல்லக்கா, குடுத்திருக்கேன். என் கிளாஸ்தான். புளியங்குடில இருந்து பஸ்ல வாரவன். அவன் மாமா பழைய பிஎஸ்4 வாங்கிக் குடுத்திருக்காரு, ஆனா டிஸ்க்கே கிடையாது அவன்ட்ட. கீறல் விழாம குடுக்கணும்னு சொல்லித்தான் குடுத்தேன். பொங்கலுக்குள்ள தந்துருவான்.”

பிறகு ஒரு பத்து நிமிடம் அந்தப் பையனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். அவன் எந்தச் சீட்டில் உட்காருவான், கணக்கில் எவ்வளவு மார்க், சனிக்கிழமை இவன் வீட்டுக்கு வந்தது, சித்தி அவனுக்குத் தோசை சுட்டுக் கொடுத்தது. நடுவில் சித்தி போனை வாங்கி, “இப்பல்லாம் சாயங்காலம் இவன வீட்டுக்குள்ள பிடிச்சு வைக்க முடியல பாத்துக்க” என்று குறைபோலச் சொல்லிவிட்டுத் திரும்பக் கொடுத்தாள்.

பொங்கல் போய்விட்டது. டிஸ்க் திரும்பியதா என்று நான் கேட்கவில்லை. அந்தப் புளியங்குடிப் பையனிடமிருந்து அது இன்னொருவனிடம் போயிருக்கலாம். போன வாரம் பழைய கடையில் ஒரு பிஎஸ்4 டிஸ்க் வாங்கினேன், பாதி முடித்திருக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்குள் மீதியையும் முடித்தாக வேண்டும்.